திருகோணமலைக்கு ஒரு சின்ன லென்ஸ்

திருகோணமலைக்குப் போய் வந்தேன் என்றதும் தோழிகள் கேட்டது, "கடல் எப்படி இருந்தது?" என்றல்ல. "போட்டோ எங்கே?" என்றுதான். போட்டோ இருக்கிறது. ஆனால் அவர்கள் எதிர்பார்த்த போட்டோ இல்லை. உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பெயர் பெற்ற அந்தத் துறைமுகம், நான் எடுத்த படங்களில் ஒரு சாம்பல் நிறக் கோடாகத்தான் வந்திருக்கிறது. கப்பல்கள் தீக்குச்சி அளவில் நிற்கின்றன. காரணம், நான் கொண்டு போன லென்ஸ். அதைத்தான் கொண்டு போக வேண்டும் என்று தெரிந்தே முடிவு செய்தேன் என்றால் அவர்கள் நம்பமாட்டேன் என்கிறார்கள். அதனால் சகோதரிகளே, உங்களிடமாவது முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, இளவயதில் துணி வியாபாரத்துக்காகத் திருகோணமலைக்குப் போனவர். கிண்ணியாவில் திருமணம் முடித்து, மாமியின் வீட்டிலேயே தங்கிவிட்டார். நம் ஊரைப் போலவே அங்கும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிற வழக்கம். மாமா மறைந்து சில வருடங்கள் ஆகின்றன. மாமிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. போர்க்காலம் முழுவதும் போக முடியாமல் கிடந்த பயணம், 2023 ஆகஸ்டில்தான் கூடி வந்தது.

புறப்படும்போது உம்மா சொன்னது ஒன்றே ஒன்று. "மாமியை ஒரு போட்டோ எடுத்துட்டு வா. அவ முகம் எனக்கு மறந்துகிட்டே வருது."

மாமியின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அவர்களிடமும் இல்லை. கல்யாண ஆல்பம், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தனவாம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த கடல், பெட்டியோடு எடுத்துப் போய்விட்டது. உயிர்கள் பிழைத்தன, அல்ஹம்துலில்லாஹ். படங்கள் போயின.

எனக்குக் கேமரா, மகளும் மருமகனும் ஒரு பெருநாளைக்குக் கொடுத்தது. கேனான் கம்பெனியின் சாதாரணக் கேமராதான். கூடவே வரும் 18-55 ஸூம் லென்ஸ். (இந்த வயதில் கேமராவா என்று சிரித்தவர்களுக்கு ஒரு செய்தி. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரூன் என்ற பெண்மணிக்கு 1863-இல், 48 வயதில், மகளும் மருமகனும்தான் ஒரு கேமராவை வாங்கிக் கொடுத்தார்கள். புகைப்படக் கலையின் சரித்திரத்தில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. 1875-இல் இலங்கைக்குக் குடிவந்து, அங்கும் மக்களைப் படமெடுத்து, 1879-இல் அங்கேயே காலமானார்.)

பயணத்துக்கென்று நல்ல லென்ஸ் ஒன்று வாங்கலாம் என்று சென்னையில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனையாளத் தம்பி என்னைப் பேசவே விடவில்லை. "கடற்கரை ஊருக்கா போறீங்க? அப்ப இதுதாம்மா" என்று 55-250 ஸூம் ஒன்றை எடுத்து வைத்தார். தூரத்துக் கப்பல் பக்கத்தில் வரும், திமிங்கலம் வரும், புறாத் தீவு வரும் என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. 375 கிராம் எடை. மாட்டிப் பார்த்தால் கேமராவுக்குத் தும்பிக்கை முளைத்தது போல் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மகளுக்குப் போன் போட்டேன். அவள் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றாத கேள்வி. "உம்மா, எதைப் படம் எடுக்கணும்னு யோசிக்காதீங்க. எடுக்கும்போது நீங்க எங்கே நிப்பீங்க? எவ்வளவு தூரத்துல நிப்பீங்க? அதைச் சொல்லுங்க."

மாமியின் வீட்டு அறை பத்தடிக்கு ஒன்பதடி இருக்கும். கட்டிலும் அலமாரியும் போக, நான் நிற்க இரண்டு மீட்டர்தான் மிச்சம்.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், சமையல் அளவைவிடச் சுலபம். ஸூம் ஆகாமல் ஒரே பார்வையோடு இருக்கும் லென்ஸைப் 'பிரைம்' என்கிறார்கள். அதன் மேல் 24, 40, 50 என்று ஒரு எண் இருக்கும். எண் சிறியதானால் பார்வை அகலம். பெரியதானால் பார்வை குறுகி, தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். பழைய பிலிம் 36 மில்லிமீட்டர் அகலம் இருந்தது. என்னுடையதைப் போன்ற 'ஏபிஎஸ்-சி' கேமராக்களுக்குள் இருக்கும் சென்சார் அதைவிடச் சிறியது, ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். அதனால் கேனான் கேமராவில் லென்ஸின் எண்ணை 1.6-ஆல் பெருக்கினால்தான் பழைய பிலிம் கேமராக் கணக்கு வரும். 24 என்பது 38 போலவும், 50 என்பது 80 போலவும் வேலை செய்யும்.

இதை அறைக்குள் கொண்டு வந்தால் விஷயம் விளங்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 24 லென்ஸில் பார்த்தால், குறுக்கே சுமார் 1.85 மீட்டர் அகலம் படத்தில் விழும். மாமியும் இரு பக்கமும் பேரப்பிள்ளைகளும் உட்காரலாம். அதே இடத்தில் 40 என்றால் 1.1 மீட்டர். 50 என்றால் 90 சென்டிமீட்டர்தான். மாமி மட்டும் தெரிவார், பிள்ளைகளின் தோள்பட்டை தெரியும்.

இந்த 50 லென்ஸைப் பற்றிக் கட்டாயம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முதல் பிரைம் வாங்குகிறவர்களிடம் எல்லோரும் சிபாரிசு செய்வது எஃப் 1.8 அளவுள்ள இந்த 50-ஐத்தான். விலை குறைவு, எடை 160 கிராம். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிதாகத் திறக்கும், வெளிச்சம் அதிகம் வரும். ஸூம் லென்ஸை 55-க்கு நீட்டினால் எஃப் 5.6 வரைதான் திறக்கும், 1.8 அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். இருட்டு வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நானும் மயங்கித்தான் போனேன். ஆனால் வாயை அப்படித் திறந்து வைத்தால், இரண்டு மீட்டரில் தெளிவாக விழுவது முன்னும் பின்னுமாக மொத்தம் பத்துப் பதினோரு சென்டிமீட்டர்தான். அரைச் சாண்! மாமியின் முகம் தெளிவாக இருக்கும், அவர் தோளில் சாய்ந்திருக்கும் பேரன் மூடுபனியில் இருப்பான். ஒரே ஒரு முகத்தை அழகாக எடுக்க அது அருமையான லென்ஸ். குடும்பத்தோடு எடுக்க அல்ல.

24 லென்ஸ் எஃப் 2.8. பத்து மடங்கு இல்லை. என் பழைய ஸூமை அதே 24-இல் வைத்து ஒப்பிட்டால் இரண்டு மடங்கு வெளிச்சம். அவ்வளவுதான், மிகைப்படுத்தவில்லை. ஆனால் இரண்டு மீட்டரில் முக்கால் மீட்டர் ஆழத்துக்குத் தெளிவு கிடைக்கும். எடை 125 கிராம். தடிமன் 2.3 சென்டிமீட்டர். இந்த வகைத் தட்டை லென்ஸ்களுக்குப் 'பான்கேக்' என்று பேர். என் பேத்தி 'தோசை லென்ஸ்' என்றாள். எங்கள் வீட்டில் அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

வாங்குமுன் மகள் ஒரு பரீட்சை வைத்தாள். காசு செலவில்லாத பரீட்சை, நீங்களும் செய்யலாம். ஸூம் வளையத்தை 24-இல் வைத்து, அசையாமல் செல்லோ டேப் ஒட்டிவிட்டு ஒரு நாள் முழுக்க வீட்டிலும் தெருவிலும் படம் எடுக்க வேண்டும். மறுநாள் 50-இல் ஒட்டிக்கொண்டு எடுக்க வேண்டும். 50 ஒட்டிய நாளில் நான் சமையலறையில் பின்னால் நகர்ந்து நகர்ந்து மாவுப் பானையில் இடித்துக்கொண்டேன். தீர்ப்பு கிடைத்துவிட்டது.

கேனானின் இந்த லென்ஸ் 2014-இல் வந்தது. நான் வாங்கியது ஒருவர் உபயோகித்தது. கடலோர ஊர்களில் பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச் லைட்டை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் போல் தெரிந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இப்போதைய கண்ணாடியில்லாத சிறு கேமரா வைத்திருப்பவர்களுக்குக் கேனானில் 120 கிராமில் 28, சோனியில் 69 கிராமில் 20, ஃபியூஜியில் 84 கிராமில் 27 என்று தோசைகள் இருக்கின்றன. உங்கள் கேமராவுக்குப் பொருந்துவதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வேனில் போனோம். ஏறக்குறைய 260 கிலோமீட்டர். முதல் இரவு திருமலை நகரத்திலேயே தங்கினோம். இலங்கையில் திருகோணமலையைத் 'திருமலை' என்றுதான் சொல்கிறார்கள். நம் பக்கத்துக்காரர்கள் குழம்ப வேண்டாம்.

அந்த நகரம் அமைந்திருக்கும் விதமே விசித்திரம். ஒரு குறுகிய நிலக் கழுத்தின் மேல் ஊர் உட்கார்ந்திருக்கிறது. கிழக்கே டச்சு விரிகுடா, மேற்கே உள்துறைமுகம். காலையில் ஒரு கடலில் சூரியன் எழும். நடந்தே மறுபக்கம் போனால் மாலையில் இன்னொரு நீர்ப்பரப்பின் மேல் அது இறங்கும். படம் எடுப்பவர்களுக்கு இப்படி ஒரு வசதி எத்தனை ஊரில் கிடைக்கும்!

காலையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சிறிய லென்ஸின் அருமை எனக்கு முதலில் அங்கேதான் தெரிந்தது. தூரத்தில் நின்று திருட்டுத்தனமாக எடுக்க அதில் வழியே இல்லை. கிட்டே போயாக வேண்டும். கிட்டே போனால் சலாம் சொல்ல வேண்டியிருக்கிறது, எந்த ஊர் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு பெரியவர், "எடுங்க, மீனைத்தான் கூட எடுங்க, என்னை இல்ல" என்றார். கயிற்றையும் கைகளையும் மட்டும் எடுத்தேன். அந்தப் பயணத்தின் நல்ல படங்களில் அது ஒன்று.

ஆனால் மணலில் நின்றுகொண்டு லென்ஸைக் கழற்றி மாட்டவே கூடாது. என்னிடம் மாற்ற வேறு லென்ஸ் இல்லாததால் அந்தச் சபலமும் வரவில்லை. திரும்பியதும் லேசாக ஈரமான துணியால் கேமராவின் உடம்பைத் துடைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வைத்தேன். உப்புக் காற்று பட்ட கேமராவை அப்படியே பையில் போட்டால் பூஞ்சணத்துக்கு விருந்து வைத்த மாதிரி.

பிறகு பிரடெரிக் கோட்டை. போர்த்துக்கீசர் 1624-இல் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். பின்னர் டச்சுக்காரர் கைக்கும், 1795-இல் ஆங்கிலேயர் கைக்கும் போனது. இன்றும் உள்ளே இராணுவம் இருக்கிறது. வாசலில் நின்ற சிப்பாய் என் கேமராவைப் பார்த்தார். தும்பிக்கை இல்லாததாலோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை. முகாம் கட்டடங்களையும் காவலர்களையும் எடுக்காதீர்கள். கடற்படைத் தளத்துப் பக்கமும் அப்படியே. அது விளையாட்டு இல்லை. உள்ளே புள்ளிமான்கள் ஆடுகளைப் போலத் திரிகின்றன. பயமே கிடையாது, பையை மோந்து பார்க்கின்றன. மானைப் படமெடுக்கப் பெரிய லென்ஸ் தேவைப்படாத ஊர் இதுவாகத்தான் இருக்கும்.

கோட்டையின் முனையில் செங்குத்தான சுவாமி மலை. இப்போதைய கோயில் அதன் உச்சியில் இருக்கிறது. கீழே கடல் கொந்தளித்தது. அந்தத் தண்ணீருக்கடியில்தான் 1956-இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் மூழ்கி, பழைய கோயிலின் இடிபாடுகளைப் பார்த்தார்கள். கடலுக்கடியில் படமெடுப்பவர்களும் அகலப் பார்வை லென்ஸோடு பொருளுக்கு மிக அருகில் போய்த்தான் எடுப்பார்களாம். நடுவே தண்ணீர் அதிகமிருந்தால் எல்லாம் கலங்கலாகிவிடும். நான் தலை சுற்றாமல் இருக்க ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, அலையை இரண்டு படம் எடுத்தேன். இரண்டும் சரியில்லை.

மாலையில் உள்துறைமுக வீதி. இதற்காகத்தான் ஐரோப்பியர் ஒருவர் பின் ஒருவராக அடித்துக்கொண்டார்கள். இதன் மேல்தான் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. கண்ணால் பார்க்கும்போது மனம் நிறைகிறது. சுற்றிலும் பச்சை மலைகள், நடுவே ஏரி போல் அசையாத கடல். லென்ஸில் பார்த்தால் மேலே வானம், கீழே நீர், நடுவே ஒரு கோடு! சென்னைக் கடைக்காரத் தம்பியை அப்போது நினைத்துக்கொண்டேன். திமிங்கலம் பார்க்கவோ துறைமுகத்துக் கப்பல்களுக்காகவோ போகிறவர்கள் அவர் பேச்சைக் கேட்பதே நல்லது.

மறுநாள் சீனக்குடா வழியாகக் கிண்ணியாவுக்குப் போனோம். காட்டுக்குள் பிரிட்டிஷார் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள் யானைக் கூட்டம் போல் நிற்கின்றன. பிறகு 396 மீட்டர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம். 2009 அக்டோபரில் திறந்தது. அதற்கு முன் 'பாதை'யில்தான் கடக்க வேண்டும். பாதை என்றால் ரோடு அல்ல. வண்டியையும் ஆளையும் ஏற்றிக் கடத்தும் மிதவைப் படகை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். மாமா முதன்முதலில் பெண் பார்க்கப் போனபோது பாதை சுணங்கி, பொழுது சாய்ந்துதான் போய்ச் சேர்ந்தாராம்.

மாமி வாசலில் நின்றிருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். இடியப்பமும் மீன் குழம்பும், பிறகு சட்டித் தயிரும் வந்தன. மாமாவின் சிரிப்பு அப்படியே பேரன் முகத்தில் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் என் மகன் போனை நீட்டினான். மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார்.

"எனக்கு போட்டோ கீட்டோ ஒண்டும் வேணா மகள். போனில எடுத்தா ஊரெல்லாம் போகும். போன மாசம் ஒரு கலியாண வீட்டுல எடுத்தாங்க, கட்டாரிலிருந்து ஒரு பொடியன் கோல் எடுத்து, உங்களைப் பார்த்தன் எண்டு சொல்றான். நான் அவனுக்கா காட்டினேன்?"

நியாயமான கேள்வி. எங்களுக்குப் பதில் இல்லை. போனை வைத்துவிட்டோம். போனில் இந்தக் காலத்தில் எவ்வளவோ நன்றாக வருகிறது. கேமரா எதற்கு என்று நீங்களும் கேட்பீர்கள். மாமி அதற்குத் தன் வழியில் விடை சொல்லிவிட்டார்.

அன்றிரவு பெட்டியிலிருந்து ஒரு உறையை எடுத்து மாமியிடம் கொடுத்தேன். உம்மாவின் ஆல்பத்திலிருந்து பிரதி எடுத்த படம். இலங்கைக்குப் புறப்படுமுன் மாமா ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டது. வரைந்த திரைச்சீலை முன், மீசை சரியாக அரும்பாத முகத்தோடு, இரவல் கோட்டில் நிற்கிறார். மாமி படத்தை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இந்த ஆளை நான் காணவே இல்லையே மகள். எனக்கு வரக்குள்ள மீசை இருந்துது" என்றார். சிரித்தார், அழுதார், திரும்பவும் சிரித்தார்.

காலையில் அவரே கூப்பிட்டார். "உங்கட கேமராவில எடுத்தா அது எங்க போகும்?"

"எங்கேயும் போகாது மாமி. உள்ளே ஒரு சின்ன அட்டையில் இருக்கும். காகிதத்தில் போட்டு உங்களுக்கு ஒன்று, உம்மாவுக்கு ஒன்று. அவ்வளவுதான்."

"அப்ப எடுங்க. இவரையும் பிடிச்சிக்கிட்டு இருக்கன்."

ஒரே ஒரு ஜன்னல். அதன் வெளிச்சம் மாமியின் வலப்பக்கம் விழுமாறு கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்தேன். மடியில் மாமாவின் படம். இரு பக்கமும் பேரப்பிள்ளைகள். என் முதுகு அலமாரியில் ஒட்டியிருந்தது. இனி ஒரு அடிகூடப் பின்னால் போக முடியாது. எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, வினாடியில் 60-இல் ஒரு பங்கு. ஃப்ளாஷ் போடவில்லை. போட்டிருந்தால் அந்த ஜன்னல் வெளிச்சம் செத்துப் போயிருக்கும். ஓரத்தில் இருந்த பேரன் கொஞ்சம் அகலமாக விழுந்திருக்கிறான். அகல லென்ஸின் ஓரங்களில் அப்படி இழுக்கும். அவனுக்கு அதில் கோபம்.

லென்ஸ் சிறியதாக இருந்ததில் இன்னொரு லாபம், மாமி அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. நான் எடுக்க ஆரம்பித்ததே அவருக்குத் தெரியவில்லை. "எடுக்கல்லியா?" என்று அவர் நிமிர்ந்து கேட்டபோது விழுந்த படம்தான் உம்மாவுக்குக் கொடுத்தது. உம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள்.

அந்தப் படத்தை இந்தக் கட்டுரையோடு அனுப்பவில்லை. ஏனென்று உங்களுக்கே தெரியும். கேமரா அட்டையிலிருந்தும், மாமிக்குச் சொன்னபடி, பிரதி போட்ட பிறகு அழித்துவிட்டேன். மகளுக்கு அதில் வருத்தம்தான். ஒன்று தொலைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். காயலில் ஒன்று, கிண்ணியாவில் ஒன்று இருக்கிறதே என்றேன்.

மாமியின் பிரதியை, கொழும்புக்குப் போன உறவினர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினோம். கிடைத்த அன்றே மாமி போன் பண்ணினார். எங்கே வைத்திருக்கிறீர்கள், சுவரில் மாட்டினீர்களா என்று கேட்டேன்.

"இல்ல மகள். ரெண்டு பொலித்தீன் பையில சுத்தி, அலுமாரிக்கு மேல வச்சிருக்கன். போன முறை தண்ணி அதுக்கு ஒரு முழம் கீழதான் நிண்டது."